கோபம் வராத நேரத்தில் செய்கிற வேலை

கோபத்துக்காகத் தெரபிக்குப் போகிறவர்களில் பலர் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அந்த நேரத்துல என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க." நியாயமான கேள்வி. பதில்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. பத்துக்கு ஒன்பது என்ற அளவுக்கு ஆத்திரம் ஏறிய பிறகு மூச்சுப் பயிற்சி ஞாபகத்துக்கே வராது. வந்தாலும் கைகொடுக்காது. நெஞ்சு படபடக்கிறது, காது அடைத்துக்கொள்கிறது, எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதி மண்டையில் ஏறுவதில்லை. இந்த நிலையில் முதல்முறையாக ஒரு பயிற்சியைச் செய்துபார்த்து, அது பலிக்கவில்லை என்றதும் "தெரபியெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

கோபத்துக்கு அதிகம் ஆராயப்பட்ட சிகிச்சை சிபிடி எனப்படும் எண்ண-நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள் என்பது வழக்கமான கணக்கு. ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பெக், எஃப்ரம் ஃபெர்னாண்டஸ் இருவரும் 1998இல் 50 ஆய்வுகளை, மொத்தம் 1,640 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 76 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். மாயாஜாலம் இல்லை, ஆனாலும் கணிசமான பலன்தான். ஒரே நிபந்தனை, வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் போக மிச்ச நாட்களிலும் வேலை செய்ய வேண்டும்.

முதல் ஓரிரு அமர்வுகளில் பேச்சு கோபத்தைச் சுற்றி மட்டும் போகாது. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குடி உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், தைராய்டு பார்த்தாயிற்றா என்றெல்லாம் கேட்பார்கள். சம்பந்தமில்லாத கேள்விகள் என்று நினைக்க வேண்டாம். மனச்சோர்வு பலருக்கு அழுகையாக வராது, சிடுசிடுப்பாகத்தான் வரும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் எரிச்சல் வரும். பழைய அதிர்ச்சியிலிருந்து மீளாதவருக்குச் சின்னச் சத்தம்கூடத் தாக்குதலாகப் படும். இவற்றைக் கண்டுகொள்ளாமல் நேரே பயிற்சிக்குப் போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. வெறும் கோபம் தனியே ஒரு நோய்ப்பெயர் அல்ல என்றாலும், வெடிப்பதே வழக்கமாகிவிட்டால் அதற்கு ஒரு பெயர் உண்டு: விட்டுவிட்டு வெடிக்கும் கோளாறு (Intermittent Explosive Disorder). மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இன்படி, மூன்று மாதமாக வாரத்துக்குச் சராசரியாக இரண்டு முறை வாயாலோ கையாலோ வெடிப்பது, அல்லது 12 மாதத்துக்குள் பொருள் சேதமோ காயமோ உண்டாகும்படி மூன்று முறை வெடிப்பது அதற்கான அளவுகோல்களில் முக்கியமானது. இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவுகட்ட வேண்டாம். மற்றக் காரணங்களையெல்லாம் விலக்கிய பிறகுதான் அந்தப் பெயருக்கு வருவார்கள்.

வீட்டில் யார் மீதாவது கை நீள்கிறது என்றால் முதல் அமர்விலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே கோபப் பயிற்சிக்கும் தம்பதியர் ஆலோசனைக்கும் முன்னால் வருவது அடி வாங்குகிறவரின் பாதுகாப்பு. மேலதிகாரியிடம் பவ்யமாகவும் வீட்டில் மட்டும் வெறியாகவும் இருப்பவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியாமல் இல்லை. வெளியே நாள் முழுக்க அடக்கித்தானே வைத்திருக்கிறார்? அவருக்குத் தேவைப்படும் சிகிச்சை வேறு வகை.

இனி நோட்டுப் புத்தகம். சிகிச்சையில் இதைவிட அலுப்பான பகுதி இல்லை, இதைவிட முக்கியமான பகுதியும் இல்லை. கோபம் வந்த ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும்: மணி என்ன, என்ன நடந்தது, மனதில் ஓடிய வாக்கியம் எது, உடம்பில் எங்கே தெரிந்தது, பத்துக்கு எத்தனை, என்ன செய்தீர்கள், தணிய எவ்வளவு நேரம் ஆயிற்று, அன்று அதற்கு முன்னால் என்னென்ன நடந்திருந்தது. பலர் முதல் வாரம் எழுதிக்கொண்டு வருவது இப்படி இருக்கும்: "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி வேண்டுமென்றே சீண்டினாள். கோபம் வந்தது." இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதில் இருப்பது தீர்ப்பு, பதிவு இல்லை. அதே சம்பவத்தைத் திருத்தி எழுதினால்:

"மாலை 7.10. செருப்பைக் கழற்றும்போதே 'பேங்குக்குப் போனீங்களா?' என்று கேட்டாள். மனதில்: வந்ததும் வராததுமா கணக்குக் கேக்கறா, என் மேல மதிப்பே இல்லை. தாடை இறுகியது, காதுமடல் சூடானது. 7. 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்று கத்தினேன். தணிய 40 நிமிடம். மதியம் சாப்பிடவில்லை. 3 மணி மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன், அப்போது 4."

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். மூன்று மணிக்கு ஏறிய அந்த நாலு இறங்கவே இல்லை. ஏழு மணிக்கு வாசலில் நின்றவர் ஏற்கெனவே பாதி ஏறி நின்றவர். பேங்க் பற்றிய கேள்வி மிச்சத்தை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே இவருக்குச் சிகிச்சை தேவைப்படுகிற இடம் 7.10 அல்ல, மூன்று மணி. இல்லையென்றால் வீட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய பத்து நிமிடம். நோட்டு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏனென்றால் கோபப்பட்டவரின் ஞாபகத்தில் எஞ்சி நிற்பது அந்தக் கேள்வி மட்டும்தான்.

ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதினால் நியாயப்படுத்தல் கலந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எழுதுவது நல்லது, போனில் நாலு வார்த்தை தட்டி வைத்தாலும் போதும். பெரிய வெடிப்புகளை மட்டும் எழுதி, மூன்றையும் நாலையும் விட்டுவிடுவது இன்னொரு தவறு. வேலை செய்ய வசதியான கோபம் அந்தச் சின்னக் கோபம்தான்.

அடுத்து, மனதில் ஓடிய வாக்கியம். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலேயே வலியுறுத்திய விஷயம் இது: சம்பவம் நேராகக் கோபத்தை உண்டாக்குவதில்லை, நடுவில் நாம் ஒட்டவைக்கிற அர்த்தம் ஒன்று இருக்கிறது. "இப்படி நடந்தால் நன்றாக இருக்கும்" என்ற விருப்பம் "இப்படித்தான் நடந்தாக வேண்டும்" என்ற கட்டளையாக மாறுகிற இடத்தில் சூடு பிறக்கிறது. மேலே உள்ள பதிவில் நடந்தது ஒரு கேள்வி. "மதிப்பே இல்லை" என்பது ஒட்டவைத்தது. தெரபிஸ்ட் அதைப் பொய் என்று வாதாடமாட்டார். "அப்படித்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? வேறு என்ன அர்த்தம் இருக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு மாற்று வாக்கியம் தயாராக வேண்டும். அது நீங்களே பாதியாவது நம்புகிற வாக்கியமாக இருக்க வேண்டும். "அவளுக்கு என் மேல் கொள்ளைப் பிரியம்" என்று எழுதிவைத்தால் மனசு துப்பிவிடும். "கேட்டது ஒரு கேள்வி. கை கால் கழுவிட்டுப் பதில் சொல்லலாம்" என்பது நிற்கும்.

எல்லாக் கோபமும் தப்பான கணிப்பு இல்லை. உண்மையிலேயே அநியாயம் நடக்கும் இடத்தில் எண்ணத்தைத் திருத்தச் சொல்வது அபத்தம். அங்கே தேவை பேசக் கற்பது: என்ன நடந்தது, அதனால் எனக்கு என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும் என்று மூன்று வாக்கியம், ஒரே ஒரு கோரிக்கை. "எப்பவுமே", "ஒரு நாளாவது" என்ற வார்த்தைகள் உள்ளே வந்தால் பேச்சு சண்டையாகிவிடும்.

உடம்புக்கான பயிற்சிகளில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய தசைத் தளர்வு இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. கை, முகம், தோள், வயிறு, கால் என்று ஒவ்வொரு தசைக்கூட்டமாக 5 முதல் 7 விநாடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டு, 20 முதல் 30 விநாடி அந்தத் தளர்வைக் கவனிக்க வேண்டும். முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். தினமும், சாதாரண நேரத்தில். சில வாரத்தில் சுற்றைச் சுருக்கி, கடைசியில் "விடு" என்று ஒரு சொல்லைச் சொன்னாலே தோள் இறங்கும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். மூச்சுக்கு 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். பலரும் தப்பு செய்வது "ஆழமாக இழு" என்பதை "வேகமாக நிறைய இழு" என்று எடுத்துக்கொள்வதில். தலை சுற்றும், படபடப்பு கூடும். மெதுவாக வெளியே விடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

தலையணையைக் குத்தினால், கத்தித் தீர்த்தால் கோபம் இறங்கும் என்பது பலரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை. ஆய்வாளர்கள் சோஃபி கியார்விக், பிராட் புஷ்மன் இருவரும் 2024இல் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, சேர்த்துப் பார்த்ததில் கோபத்தைக் குறைத்தவை உடம்பின் கொதிப்பை இறக்கும் செயல்கள்: மூச்சு, தளர்வு, தியானம். கொதிப்பை ஏற்றுகிறவை மொத்தத்தில் பலன் தரவில்லை. மெதுவோட்டம்கூடக் கோபத்தைக் கூட்டியது. ஓட்டம் இதயத்துக்கு நல்லது, அதை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் ஒன்றுசேரும் இடம் ஒத்திகை. உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975இல் வெளியிட்ட முறையில் கோபத்தைத் தடுப்பூசிபோலச் சிறு அளவில் ஏற்றி, இறக்கிப் பழக்குவார்கள். உங்களுக்குக் கோபம் வரும் காட்சிகள் எட்டோ பத்தோ எழுதி, 2லிருந்து 9 வரை வரிசைப்படுத்த வேண்டும். 3இல் தொடங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, தெரபிஸ்ட் விவரிக்க, அரை நிமிடம் அந்தக் காட்சிக்குள் இருந்து கோபத்தை உண்மையாகவே ஏறவிட வேண்டும். பிறகு மூச்சு, தோள், மாற்று வாக்கியம் என்று இறக்க வேண்டும். அதே காட்சி மறுபடி, மறுபடி, கோபம் 1க்கு மேல் ஏறாத நிலை வரும் வரை. அதற்குப் பிறகுதான் அடுத்த காட்சி. "அவள் என்னை மதிக்காத சமயம்" என்று காட்சி எழுதினால் ஒன்றும் ஏறாது. செருப்பு வாரைக் கழற்றுகிற கை, உள்ளிருந்து வரும் குரல், அதே சொற்கள் எல்லாம் இருந்தால்தான் உடம்பு நம்பும். நேரே 9இல் தொடங்க அடம்பிடிப்பவர்கள் அமர்வு முடிந்து அதே கொதிப்போடு வீட்டுக்குப் போவார்கள்.

மீறிப் போய்விட்டால் விலகிவிடுவது ஒன்றுதான் வழி. அதற்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும். இருவரும் சமாதானமாக இருக்கும் ஒரு நாளில் பேசி முடிவுசெய்த சொல் ஒன்று, திரும்பி வரும் நேரம் ஒன்று: "எனக்கு ஏறுது, அரை மணியில் வரேன்." குறைந்தது 20 நிமிடம் கொடுங்கள், உடம்பு இறங்க அவ்வளவாவது ஆகும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, மெசேஜ் அடிக்கக் கூடாது. "அவ அப்படிச் சொன்னாள்ல, நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று மனதுக்குள் வழக்கு நடத்தினால் அந்த நிமிடங்கள் கணக்கில் சேராது. சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கதவை அறைந்துவிட்டுப் போய் மூன்று நாள் பேசாமல் இருப்பதன் பெயர் தண்டனை.

நாலைந்து வாரம் கழித்துப் பலர் சோர்ந்துபோவார்கள், நோட்டில் எண்ணிக்கை கூடியிருக்கும். பெரும்பாலும் இது கவனிப்பு கூடியதன் விளைவு. முன்பு கண்ணில் படாத மூன்றும் நாலும் இப்போது பதிவாகின்றன. எத்தனை முறை என்பதோடு எவ்வளவு ஏறியது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து பாருங்கள்.

இடையில் ஒரு நாள் பழையபடி வெடிக்கத்தான் செய்யும். அன்றைக்கு நோட்டில் எழுதுவதோடு மன்னிப்புக் கேட்பதும் வீட்டுப்பாடத்தில் சேர்த்தி. என்ன செய்தேன் என்பதைப் பெயர் சொல்லி: "உன்னைப் பார்த்து 'வேற வேலையே இல்லையா'ன்னு கத்தினேன். அது தப்பு." அடுத்த முறை என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி. அத்தோடு முற்றுப்புள்ளி. "ஆனா நீயும்..." என்று நாக்கு நுனிவரை ஒன்று வந்து நிற்கும். அதை அங்கே சொல்லாமல், அப்படியே எழுதி அடுத்த அமர்வுக்கு எடுத்துப்போங்கள்.