ஓடினால் குளிர், நின்றால் அனல்

மே 4, ஞாயிறு
கத்திரி தொடங்கிவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்து பதினோரு நாளாகிறது. 2014ஆம் ஆண்டு வண்டி, 78,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கும்போது ஏசியைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் பார்த்தது காலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் எந்த வண்டிதான் குளிராது?

மே 6, செவ்வாய்
கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றதும் காற்று வெதுவெதுப்பாக மாறியது. அம்மா தலைப்பால் விசிறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் மீண்டும் குளிர்ந்தது. திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே கதை.

மே 7, புதன்
பானட்டைத் திறக்குமுன்பே “கேஸ் இறங்கிடுச்சு சார்” என்றார் கடைக்காரர். கேஸ் நிரப்ப 1,800 ரூபாய். கசிவு எங்கே என்று கேட்டேன், சிரித்தார். பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதற்கு அது எரிபொருளா? மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது குறைந்திருந்தால், எங்கோ ஓர் இடத்தில் வெளியேறியிருக்க வேண்டும். இதையெல்லாம் கடையை விட்டு வந்த பிறகுதான் யோசித்தேன்.

மே 9, வெள்ளி
முன்பைவிட மோசம்.

மே 10, சனி
பிற்பகல் இரண்டு மணிக்கு, வண்டியை ஓட்டாமல் என்ஜினை மட்டும் இயக்கி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏசியைப் போட்டதும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’ என்று பிடித்தது. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால் இருக்கும் விசிறி அசையவே இல்லை. சில நிமிடங்களில் மறுபடி ஒரு ‘டக்’, கம்ப்ரஸர் நின்றுவிட்டது. வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு கண்டென்சரின் மீது ஊற்றினேன். ஆவி பறந்தது. இரண்டாவது குவளைக்குள் கிளட்ச் மீண்டும் பிடிக்க, உள்ளே கையை நீட்டிப் பார்த்தால் காற்று சில்லென்று வந்தது. ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை நின்றிருக்கும்போது அந்த விசிறி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கேஸின் சூடு வெளியேறாமல் அழுத்தம் ஏறும், பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்படியானால் அந்த 1,800 ரூபாய் எதற்கு?

மே 11, ஞாயிறு
கடைகள் இல்லை. இரவு இரண்டு முறை அந்த ‘டக்’ சத்தம் கேட்டது போலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

மே 12, திங்கள்
எலக்ட்ரீஷியன் முதலில் விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைக் கழற்றிவிட்டு ஹாரன் ரிலேயை அங்கே செருகிப் பார்த்தார். பயனில்லை. பிறகு ஸ்பேனரின் பின்புறத்தால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டினார். விசிறி சுற்றத் தொடங்கியது. “பிரஷ் தேஞ்சுபோச்சு சார், இன்னிக்குத் தட்டினா ஓடும், நாளைக்கு ஓடாது.” அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் பேரம் பேசவில்லை. புது மோட்டார் போட்டாயிற்று.

மே 13, செவ்வாய்
போகும்போது நன்றாகவே இருந்தது. ஆனால் அம்மா வெளியே வரும் முன் வாசலில் இருபது நிமிடம் நிறுத்தியிருந்தபோது, விசிறி ஓடிக்கொண்டிருந்தும் கம்ப்ரஸர் நின்றது. வந்து ஏறிய அம்மா “ஜன்னலைத் திறந்துவிடுப்பா” என்றார். அவருக்கு அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

மே 15, வியாழன்
வேறு கடை. இவர் கேஜை மாட்டினார். ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் கேஜ் காட்டும் அழுத்தம் வெப்பநிலைக்குத் தக்கபடி இருக்குமே தவிர, உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைச் சொல்லாது என்றார். இருந்ததை முழுவதும் இயந்திரத்தில் இழுத்து எடை பார்த்தோம்: 640 கிராம். பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 450 என்றுதான் இருக்கிறது. குறைவு என்று சொல்லி அளவுக்கு மேல் திணித்திருக்கிறார்கள். விசிறி ஓடியும் அழுத்தம் ஏறியது அதனால்தான். கசிவும் இருக்கத்தான் செய்தது: கண்டென்சர் குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி படிந்து கறுத்திருந்தது. இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றி, குழாய்களிலிருந்த காற்றை உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, சரியாக 450 கிராம் ஆர்134ஏ கேஸை நிரப்பினார்.

மே 16, வெள்ளி
வாசலில் நாற்பது நிமிடம். நிற்கவில்லை. அம்மா தூங்கிவிட்டார்.

மே 20, செவ்வாய்
குளிர்ச்சியில் குறையில்லை. ஆனால் இவ்வளவு நேரம் ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு நீர்த்தடம்கூட இல்லை. சந்தேகப்பட்டு அம்மாவின் காலடி மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் நனைந்திருக்கிறது. தொட்டு முகர்ந்தேன். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் வழவழப்போ இனிப்பு வாடையோ இல்லை, வெறும் தண்ணீர்தான். கூலிங் காயிலில் படியும் நீர் வெளியே வடியும் குழாய் அடைத்திருக்க வேண்டும். வெள்ளிக்குள் கீழேயிருந்து கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.