கடிதம் முதல் கட்டில் வரை: வவுனியாவிலிருந்து கொழும்பு கம்பஸ் விடுதிக்கு

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த நாளிலிருந்து ஊர்த் தங்கச்சிமார் என்னிடம் பாடங்களைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "அக்கா, ஹொஸ்டல் கிடைக்குமா, எப்படி எடுக்கிறது" என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் முழுவதையும் எழுதிவிடுகிறேன். நான் வவுனியா நெளுக்குளம், கொழும்பில் விஞ்ஞான பீடத்தில் படிக்கிறேன், கம்பஸ் விடுதியில் இருக்கிறேன். தூர இடத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நல்லது, ஆனால் அதற்கான வேலையில் முக்கால்வாசி ஊரில்தான் இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

விடுதிக்கு இவ்வளவு போட்டி ஏன் என்று முதலில் விளங்கிக்கொண்டால் விண்ணப்பத்தோடு கேட்கிற வதிவிட, வருமானக் கடிதங்களும் விளங்கும். கலைப்பீடம் போன்ற சிலவற்றை விட்டால், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் மிச்ச 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் பிரிக்கிறார்கள். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் எல்லாம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வருட பட்சிலும் தூர மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர், எல்லோருக்கும் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும், கட்டில்களோ எண்ணி வைத்த மாதிரி. அதனால் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டு வருமானம் எவ்வளவு என்ற இரண்டையும்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் முன்னுரிமை. வவுனியா 250 கிலோமீற்றர் அளவு இருக்கும், தூரத்தில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அந்தத் தூரத்தைக் கடதாசியில் நிரூபிப்பதில்தான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சிக்கல் வருகிறது.

எங்கள் வீடு முதலில் முல்லைத்தீவுப் பக்கம். 2009க்குப் பிறகு நெளுக்குளத்தில் இருக்கிறோம். அப்பாவின் அடையாள அட்டையில் பழைய விலாசம், பள்ளிக்கூடத்தால் எடுத்த என்னுடையதில் புதிய விலாசம், அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் சித்தி வீட்டு விலாசம். இடம்பெயர்ந்த எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இருக்கும். கிராம சேவகர் என் போர்மைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில் எந்த விலாசத்துக்கு நான் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாக்காளர் இடாப்பில் நாங்கள் எங்கே பதிந்திருக்கிறோமோ அதையே நிரந்தர விலாசமாக எல்லா போர்மிலும் எழுதச் சொன்னார். பிறகு அவர் தந்த வதிவிடக் கடிதத்தின் அடியில், இந்தக் குடும்பம் இடம்பெயர்ந்து வந்து இத்தனையாம் ஆண்டிலிருந்து இப்பிரிவில் நிரந்தரமாக வசிக்கிறது, தந்தையின் அடையாள அட்டையில் பழைய விலாசம் உள்ளது என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி பெரிய உதவி. கொழும்பில் கடிதத்தை வாங்கியவர் இரண்டு விலாசத்தையும் பார்த்து நிமிர்ந்தார், அந்த வரியை வாசித்தார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டிலும் விலாசம் இப்படிக் குழம்பிக் கிடந்தால் இதைக் கட்டாயம் கேட்டு எழுதுவியுங்கள்.

கிராம சேவகரின் கையெழுத்தோடு விட்டுவிடாமல் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் சீலும் வாங்க வேண்டும். கிராம சேவகர் அவருடைய ஒபிஸில் இருக்கும் நாட்களை முதலே கேட்டு வையுங்கள், செயலகத்துக்குப் பொதுமக்கள் தினத்தில் காலையிலேயே போங்கள். முடியுமானால் கடிதத்தை ஆங்கிலத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், தமிழில் இருந்தால் கொழும்பில் மொழிபெயர்ப்புக் கேட்கக்கூடும். வருமானத்துக்கும் அதே கதைதான். அப்பா தோட்டம் செய்கிறவர், சம்பளச் சீட்டு என்று ஒன்றும் இல்லை, அதனால் கிராம சேவகரின் வருமான அறிக்கையே ஆதாரம். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலப்பிரதி எடுத்து வைத்தேன். மஹாபொல புலமைப்பரிசில், பர்சரி உதவிப்பணம் போன்ற விடயங்களுக்கும் வருமான விபரம் கேட்கிறார்கள், ஒவ்வொரு தரமும் இதற்காக ஊருக்குப் போய்வர யாரால் முடியும்? (மஹாபொல மாதத்துக்கு 5,000 ரூபாயாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. கொழும்பில் அது சாப்பாட்டுக்கே பாதி மாதம் தாங்கும், ஆனாலும் வீட்டில் கேட்காமல் வருகிற காசு.)

விண்ணப்பம் கொடுத்த கையோடு அறை கிடைக்காது. முந்தைய பட்சின் பரீட்சை முடிந்து அவர்கள் வெளியேறினால்தான் கட்டில் காலியாகும், அதற்கிடையில் எங்களுக்கு விரிவுரை தொடங்கிவிட்டது. அந்த இடைக்காலத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு ரூம். அம்மாவுக்கு அது துளியும் விருப்பமில்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜ்களில் இருந்த தமிழ்ச் சனத்தை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த பஸ்கள் வந்து நின்ற ஊரில்தான் என் அம்மா இப்போது இருக்கிறார். இப்போது நிலைமை வேறு என்று நான் எவ்வளவு சொன்னாலும் "அரசாங்க ஹொஸ்டல் என்றால் உனக்கு ஒரு பதிவு இருக்கும்" என்பதுதான் அவருடைய பேச்சு. அவர் அப்படி நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

ரூமைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை முற்பணமாக வாங்கினார், போகும்போது திருப்பித் தருவதாக வாயால் சொன்னார். போகும்போது சுவருக்குப் பெயின்ட், கரண்ட் பில் என்று கழித்து மிஞ்சியது மிகக் குறைவு. அப்பா வெங்காயம் விற்ற காசு அது, இன்னும் வயிறு எரிகிறது. தற்காலிகமாக ரூம் எடுக்கிறவர்கள் எவ்வளவு கொடுத்தீர்கள், எதற்காகக் கழிக்கலாம், எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். நல்ல வீட்டுக்காரர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

அந்த நாட்களில் விடுதிப் பக்கம் அடிக்கடி தலைகாட்டினேன். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தை வழியே தும்முல்லைக்கு நடை. சத்தம் போடவோ அழவோ தேவையில்லை, பெயரையும் விண்ணப்ப இலக்கத்தையும் சொல்லி, புதிய லிஸ்ட் வந்ததா என்று மரியாதையாகக் கேட்டால் போதும். என் சிங்களம் அப்போது மிக மோசம், ஆங்கிலம் கலந்து திக்கித் திணறிக் கேட்பேன், அங்கிருந்த அம்மா ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லுவார். கூப்பிட்டவுடன் சில பிள்ளைகள் வராததால் அவர்களுடைய இடம் அடுத்தவருக்குப் போனது. எனக்கு வந்ததும் அப்படித்தான். தொலைபேசி இலக்கத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் உடனே போய்ச் சொல்லுங்கள்.

சரி, அறை. நாங்கள் நான்கு பேர்: நான், அக்கரைப்பற்றிலிருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை, மொனராகலையிலிருந்தும் எம்பிலிப்பிட்டியவிலிருந்தும் இரண்டு சிங்களப் பிள்ளைகள். கட்டில், மேசை, ஒரு சின்ன அலுமாரி அங்கே இருந்தன. மெத்தை விரிப்பு, பக்கற், பூட்டு, நுளம்பு வலை எல்லாம் நாங்கள் கொண்டுபோக வேண்டும். நுளம்பு வலையை யாரும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கொழும்பில் மழை விட்டதும் டெங்கு எட்டிப் பார்க்கும். ஹீட்டர், ரைஸ் குக்கர் எங்கள் விடுதியில் தடை. கேட் மூடும் நேரத்துக்குப் பிந்தினால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். காலையில் குளியலறை வரிசை நீளம், ஐந்து மணிக்கு எழும்புகிறவளுக்குத் தண்ணீரும் அமைதியும் கிடைக்கும்.

மொழியைப் பற்றிப் பயப்படும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். முதல் வாரங்களில் நாங்கள் நால்வரும் பேசியதைவிடச் சிரித்துச் சமாளித்ததுதான் அதிகம். பாடம் ஆங்கிலத்தில், அதிலும் நால்வரும் தடுமாறினோம், அதனால் ஒருவருக்கொருவர் வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை. இரவில் ஒரே மேசையைச் சுற்றி இருந்து விரிவுரைக் குறிப்பை ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் அவரவர் மொழியில் எழுதிக்கொள்வோம், விளங்காத இடத்தில் கையால் காட்டுவோம். நோன்பு மாதத்தில் அக்கரைப்பற்றுக்காரி சஹருக்கு எழும்பும்போது லைட் போடாமல் தட்டுத் தடுமாறுவாள். அதைப் பார்த்து மொனராகலைக்காரிதான் தன் மேசை விளக்கை அவள் பக்கம் திருப்பி வைக்கத் தொடங்கினாள். சண்டையும் வந்தது, பெரும்பாலும் உடுப்புக் காயப்போடும் கொடிக்காக. அறைக்குள்ளேயே பேசித் தீர்த்தோம், வார்டன் வரை போகவில்லை.

பகிடிவதையைப் பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். எனக்கு மோசமாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் உறுதி தரமாட்டேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேரடியாக முறையிடலாம். யாராவது மிரட்டினால் தனியாக வைத்துக்கொண்டு அழாமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், வார்டனோ, உங்கள் விரிவுரையாளரோ, நம்பிக்கையான அக்காவோ யாராக இருந்தாலும் சரி.

இன்னும் ஒன்று. விடுதிக் கட்டணம் வெளியில் கொடுக்கிற வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை, அதனால் பலர் ரசீதை எங்காவது போட்டுவிடுகிறார்கள். அதை ஒரு பைலில் பத்திரமாக வையுங்கள், கட்டில், திறப்பு பெற்றதற்குக் கையெழுத்திட்ட தாளின் போட்டோ கொப்பியோடு. அறையை ஒப்படைக்கும்போது பொருட்களைச் சரிபார்ப்பார்கள், பட்டம் முடித்துப் போகையில் விடுதியில் பாக்கி எதுவும் இல்லை என்ற கையெழுத்தும் வேண்டும். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் அந்தக் கையெழுத்துக்காக மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் திரும்ப வந்தார்.