பத்தாவது ஆளுக்குப் பத்து நிமிடம்

கல்லூரிக் கூடைப்பந்து அணி கோப்பை வாங்கிய வருஷத்தின் ஸ்கோர் ஷீட்டுகளையும், இறுதிவரை வந்து கைவிட்ட வருஷத்தின் ஸ்கோர் ஷீட்டுகளையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்தால், அதிகப் புள்ளி அடித்தவர்கள் வரிசையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு வருஷத்திலும் ஒரு நல்ல ஷூட்டர் இருப்பான், ஓர் உயரமான பையன் இருப்பான். வித்தியாசம் பெயர்ப்பட்டியலின் அடியில் இருக்கிறது. கைவிட்ட வருஷத்தில் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பெயர்களுக்கு எதிரே கட்டங்கள் காலியாகக் கிடக்கும். வாங்கிய வருஷத்தில் அதே இடத்தில் களம் இறங்கிய குறி, இரண்டு ஃபவுல், எப்போதாவது ஒரு கூடை. உடற்கல்வித் துறையில் இருக்கும் நாங்கள் ஒரு பருவத்தை எடைபோட முதலில் பார்ப்பது அந்த அடிவரிகளைத்தான்.

கணக்கு எளிது. ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐவர், ஆக 200 ஆள்-நிமிடம். முதல் ஐவரும் ஆளுக்கு 36 நிமிடம் ஆடினால் 180 தீர்ந்தது, மிச்சம் 20. முதல் ஐவருக்கு 27 வீதம் 135, அடுத்த மூவருக்கு 15 வீதம் 45, கடைசி இருவருக்கு 10 வீதம் 20 என்று பிரித்தாலும் அதே 200தான். ஒரே ஓர் ஆட்டத்துக்கு முதல் கணக்கு போதும். ஆனால் எங்கள் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முடிந்து, மிஞ்சும் 4 அணிகள் லீக் ஆடும் முறையில் நடப்பவை. காலையில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம் என்று 3, 4 நாளில் ஐந்தாறு ஆட்டங்கள் வந்துவிடும். முதல் நாள் 36 நிமிடம் ஓடிய கால் மூன்றாம் நாள் என்ன செய்யும் என்பதில்தான் கோப்பை இருக்கிறது.

களைத்த காலின் முதல் அடையாளம், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல் எறியும் பந்து) வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புவது. எறிவதற்கான விசை முழங்காலிலிருந்து வருகிறது; முழங்கால் மடங்காதபோது கை மட்டும் தள்ளும், பந்து அரையடி குறையும். இரண்டாவது அடையாளம், தடுப்பாட்டத்தில் கால் நகராமல் கை நீள்வது. அது ஃபவுல். ஆட்டத்தை நான்காகப் பிரித்த ஒரு கால்பகுதியில், அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மூன்றாவது, பாஸ் அரை நொடி தாமதமாகக் கிளம்புவது. இந்த மூன்றும் சேர்ந்து வரும் நேரத்தில்தான் 8 புள்ளி முன்னிலை இரண்டே நிமிடத்தில் கரைகிறது. பார்வையாளர்கள் அதைப் பதற்றம் என்பார்கள். பெரும்பாலும் அது வெறும் களைப்பு.

பருவம் ஜூனில், மேசையில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்லூரிச் சான்று, புகைப்படம் என்று தகுதிப் படிவத்துக்கு வேண்டியவற்றை அப்போதே வாங்கிக் கோப்பில் வைத்துவிட வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில் வரும். ஒரு சான்றிதழில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. போட்டிக்கு முந்தின நாள் இதைக் கண்டுபிடித்தால் அந்தப் பையன் பெஞ்சுக்குக்கூட வர முடியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு 17 முதல் 25 வரையிலான வயது வரம்பும் உண்டு. முதுகலை மாணவர்களைச் சேர்க்கும்போது அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஓ.டி. (ஆன் டூட்டி, விளையாட்டுக்காக வகுப்புக்கு வராதவர்கள்) பட்டியலை வாரா வாரம் துறைத் தலைவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வருகைப்பதிவு குறைந்து லேப் தேர்வில் மாட்டிக்கொண்ட பையன் பயிற்சிக்கு உடம்பை மட்டும்தான் கொண்டுவருவான்.

ஜூலை பிறந்தால் கொங்கு நாட்டில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று பொள்ளாச்சி, பல்லடம், கோவை என்று திறந்தவெளி மைதானங்களை ஒரு வழி பண்ணிவிடும். வெயில் கண்ணில் அடிக்காதிருக்க 28 மீட்டர் நீளக் களத்தை வடக்கு தெற்காக அமைப்பது வழக்கம். அதனால் காற்று களத்துக்குக் குறுக்கே வீசுகிறது. மேற்கு ஓரத்திலிருந்து எறிந்தால் பந்து வளையத்தைத் தாண்டும். கிழக்கு ஓரத்திலிருந்து எறிந்தால் குறையும். மேற்கிலிருந்து கிழக்கே போடும் நீண்ட பாஸ் கோட்டுக்கு வெளியே ஓடும். கிழக்கிலிருந்து மேற்கே போட்டால் நடுவானில் நின்று எதிரி கையில் விழும். 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டை நம்பி வந்த அணிகள் இந்த மாதத்தில் தோற்பது இதனால்தான். எதிரணி 2-3 ஜோன் (ஆளைப் பின்தொடராமல், முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று இடத்தைக் காப்பது) போட்டு வளையத்தடியில் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து எறிய விட்டுவிடும்.

அதை உடைக்க வழி உண்டு. ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில், ஜோனின் வயிற்றில், ஒரு ஆளை நிறுத்த வேண்டும். பந்து அவன் கைக்குப் போனதும் எதிரணியில் முன்னால் நிற்கும் இருவரில் ஒருவன் பின்னால் திரும்புவான், பின்வரிசை நடுவில் நிற்பவன் முன்னால் ஏறுவான். அந்த நொடியில் அடிக்கோட்டோரம் ஒளிந்திருக்கும் நம் ஆள் வெட்டி உள்ளே வந்தால் லே-அப், அதாவது வளையத்தடியிலேயே ஒரு கூடை. எறிந்தே ஆக வேண்டுமென்றால் 45 பாகைக் கோணத்தில் நின்று பலகையில் அடிப்பது மேல். பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைவு, உயரமும் குறைவு. ஜூலை முழுக்க எங்கள் பயிற்சியில் பாதி இதுதான். நடுவில் நிற்கும் அந்த ஆள் நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை. பந்தைப் பிடித்து, திரும்பி, பார்த்துக் கொடுக்கத் தெரிந்தால் போதும். ஒன்பதாவது, பத்தாவது ஆட்களை அணிக்குள் கொண்டுவர இதைவிட நல்ல வாசல் இல்லை.

பத்தாவது ஆளிடம் கேட்க வேண்டியது மூன்றே மூன்று. பந்தைத் தொலைக்காதே. உன் ஆள் நேராக உன்னைத் தாண்டிப் போகக் கூடாது. ஷாட் கிளம்பியதும் பந்தைப் பார்க்காமல் உன் ஆளைத் தேடி முதுகால் அடைத்து நில். இதில் மூன்றாவதுதான் கடினம், ஏனென்றால் பந்து பறக்கும்போது அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. பாக்ஸ் அவுட் எனப்படும் இந்த அடைப்பைப் பழக்கும்போது பந்தே இல்லாமல் பழக்குவது நல்லது: "ஷாட்" என்று குரல் வந்ததும் திரும்பி, ஆளை முதுகில் உணர்ந்து, மூன்று நொடி தாங்க வேண்டும். அவனை அளக்கும் கோலும் வேறு. அவன் களத்தில் இருந்த 5 நிமிடத்தில் அணி 2 புள்ளிக்கு மேல் இழக்கவில்லை என்றால் அவன் வேலை முடிந்தது. இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், கிடைத்த ஐந்து நிமிடத்தில் தன்னைக் காட்ட முதல் பந்தையே தூரத்திலிருந்து எறிவான்.

எப்போது இறக்குவது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதல் ஐவர் களைத்த பிறகு மாற்றுவது தாமதம். முதல் கால்பகுதியின் கடைசி 2 நிமிடம், இரண்டாவதின் முதல் 3 நிமிடம் என்று சேர்த்து உட்கார வைத்தால், இடையில் 2 நிமிட இடைவேளையும் வருகிறது. விசில், ஃப்ரீ த்ரோ என்று கடிகாரம் நிற்கும் நேரமும் சேர்கிறது. ஆட்டக் கணக்கில் இழப்பது 5 நிமிடம், கால்களுக்குக் கிடைப்பது அதைப் போல இரண்டு மடங்கு ஓய்வு. ஐவரையும் ஒன்றாக மாற்றக் கூடாது. முதல் ஐவரில் இருவர் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். புது முகங்களைப் பார்த்ததும் அனுபவமுள்ள எதிர்ப் பயிற்சியாளர் உடனே முழுக்கள ப்ரெஸ் (களம் முழுக்க நெருக்கித் தடுப்பது) போடுவார். பந்தை 8 நொடியில் நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோக வேண்டும். பயந்த பையன் ஓரக்கோட்டை நோக்கி டிரிபிள் செய்வான், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவான். கோடு ஒரு பக்கம், இரண்டு ஆள் மறுபக்கம், பந்து போயிற்று. நடுவே ஒரு ஆள் வந்து கை காட்ட, டிரிபிள் செய்யாமல் அவனுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்குவதே மருந்து. இதற்காகத்தான் பயிற்சி ஆட்டத்தில் இரண்டாவது ஐவருக்கு "6 புள்ளி பின்தங்கி இருக்கிறீர்கள், 4 நிமிடம் இருக்கிறது" என்று நிலைமையைக் கொடுத்து ஆட விடுகிறோம்.

ஃப்ரீ த்ரோவை வரிசையாக 50 எறிந்து பழகுவதில் பயன் குறைவு. ஆட்டத்தில் யாரும் 50 எறிவதில்லை. மூச்சு வாங்கும்போது இரண்டு எறிகிறார்கள். 15 மீட்டர் அகலத்தைக் குறுக்காக 17 தடவை, ஒரு நிமிடம் பத்து நொடிக்குள் ஓடி முடித்து, உடனே கோட்டில் நின்று இரண்டு. இரண்டும் விழுந்தால் தண்ணீர் குடிக்கலாம். ஓர் ஆட்டத்தில் அணிக்கு 20 ஃப்ரீ த்ரோ கிடைத்தால், நூற்றுக்கு 60 வீதம் போடும் அணிக்கு 12, 75 வீதம் போடும் அணிக்கு 15. லீக் ஆட்டங்கள் பல இந்த 3 புள்ளிக்குள் முடிகின்றன.

கொங்குப் பையன்களிடம் பழக்க வேண்டிய ஒன்று தனியாக உண்டு. மரியாதை இங்கே நாக்கிலேயே ஊறியது. முதலாம் ஆண்டுப் பையன் மூன்றாம் ஆண்டு மாணவனை "ஏனுங்ண்ணா" என்றுதான் கூப்பிடுவான். அது வெளியே அழகு. களத்துக்குள் "அண்ணா, உங்களுக்கு லெஃப்ட்ல ஸ்கிரீன் வருதுங்க" என்று, வழிமறித்து நிற்க ஒருவன் வருவதை அவன் சொல்லி முடிப்பதற்குள் எதிரி கூடை போட்டுவிடுவான். பாதிப் பேர் பெரியவர்களை அதட்டக் கூடாதென்று வாயே திறக்க மாட்டார்கள். அதனால் கோட்டுக்குள் வந்துவிட்டால் "ங்க" இல்லை, "அண்ணா" இல்லை என்பதைக் கேப்டன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "பால்", "ஸ்கிரீன் லெஃப்ட்", "ஹெல்ப்", "ஷாட்" ஆகிய நான்கு சொற்கள் போதும். பேசும் அணி தடுப்பாட்டத்தில் ஒரு ஆள் கூடுதலாக இருப்பதைப் போல ஆடும்.

கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகள் நடப்பது நமக்குப் பெரிய வாய்ப்பு. கடற்படை, தரைப்படை, வங்கி அணிகள் வரும். பையன்களைக் கூட்டிப்போகும்போது ஆளுக்கு ஒரு மாற்று ஆட்டக்காரரைக் குறித்துக்கொடுத்து, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்கச் சொல்வோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவர் யாரைக் கவனிக்கிறார், உள்ளே போன முதல் நிமிடம் என்ன செய்கிறார் என்பதை எழுதிவர வேண்டும்.

கணுக்கால் பெரும்பாலும் பிசகுவது குதித்து இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின் மேல் மிதிப்பதால். ஒற்றைக்காலில் 30 நொடி, மூன்று தடவை என்று தினமும் நின்று பழகுவதும், ஒருமுறை பிசகியவன் கயிறு கட்டும் கணுக்கால் பட்டையைப் போடுவதும் இதைக் குறைக்கும். சிமெண்ட் தரையில் தினம் இரண்டு வேளை குதிக்க விட்டால் செப்டம்பரில் முழங்காலின் முன்பக்க வலி வரிசையாக வரும். பெண்கள் அணிக்கு பந்து 6 ஆம் அளவு. இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் நாங்கள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. தினம் இரண்டு நாமக்கல் முட்டை, பழம், பயிறு. ஆட்ட நாளில் மூன்று மணி நேரம் முன்பு அரிசிம்பருப்பு சாதம், நெய் குறைவாக. இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் பிரியாணி மட்டும் வேண்டாம்.

பாரதியார் பல்கலைக்கழக எல்லைக்குள் நீலகிரியும் வருவதால் ஊட்டி ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். கோவையில் சரியாகக் காற்றடித்த பந்து அங்கே வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கெட்டியாகி அதிகம் துள்ளும். கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும். பையன்களுக்கு முதல் பத்து நிமிடம் மூச்சு முட்டும். 3, 4 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் அணி அங்கே தாக்குப்பிடிக்கும். பத்துப் பேரைத் தயார் செய்யாத அணி மலையேறி வந்ததும் அது வெளிப்பட்டுவிடும்.

லீக்கில் வென்றால் 2 புள்ளி, தோற்றால் 1. மூன்று அணிகள் சமமாக வந்தால் அந்த மூன்றுக்குள் நடந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் முடிவு செய்யும். நாம் முதல் எதிரியை 12 இல் வென்றோம், அவர்கள் மூன்றாமவரை 5 இல் வென்றார்கள், மூன்றாமவரிடம் நாம் 4 இல் தோற்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு +8, மூன்றாமவருக்கு -1, முதல் எதிரிக்கு -7. கோப்பை நமக்கு. அதே தோல்வி 15 இல் என்றால் நமக்கு -3, மூன்றாமவருக்கு +10. கோப்பை போயிற்று. ஆகவே தோற்பது உறுதியான ஆட்டத்தின் கடைசி 5 நிமிடம்தான் பருவத்தின் மிக முக்கியமான நேரமாக ஆகலாம். மனம் விட்ட முதல் ஐவரை அப்போது களத்தில் வைத்திருப்பதைவிட, ஓடத் துடிக்கும் இரண்டாவது ஐவரில் மூவரை இறக்கி வித்தியாசத்தைச் சுருக்குவது மேல். இறுதி ஆட்டத்தில் டைம் அவுட்டுகளை மிச்சம் வைப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதிக்கு மூன்று, அதில் கடைசி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது.

போட்டி முடிந்ததும் கணுக்கால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு வாரம் ஓய்வு, மற்றவர்களுக்கு நவம்பர் செமஸ்டர். ஓரிருவர் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போவார்கள். ஜனவரியில் பொங்கல் முடிந்து திரும்பும்போது இறுதியாண்டுப் பையன்களைப் பயிற்சியில் ஓரமாக வைத்துவிட்டு, நட்பு ஆட்டங்களில் இந்த வருஷத்துப் பத்து நிமிடப் பையன்களை முதல் ஐவராக இறக்குவோம். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்பார்கள். ஸ்கோர் ஷீட்டில் அவர்கள் தொலைத்த பந்துகளை மட்டும் எண்ணிக் குறித்துவைப்போம்.