கீழாநெல்லியின் சூற்பை: குறுக்குவெட்டு கைகூடிவிட்டது

கீழாநெல்லியின் சூற்பையை (பூவில் பின்னர் காயாக மாறும் பகுதி) குறுக்காக வெட்டி, அதன் மூன்று அறைகளிலும் பின்னர் விதையாகும் சூல்கள் இரண்டிரண்டாகப் பக்கம் பக்கமாக அமர்ந்திருப்பதை நேற்று மாலை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்த்துவிட்டேன். ஆமணக்கிலும் குப்பைமேனியிலும் அறைக்கு ஒரே சூல்தான் என்பது முந்தைய வெட்டுகளிலேயே உறுதியாகிவிட்டதால், ஒப்பிட வேண்டிய மறுபக்கமான கீழாநெல்லி மட்டுமே பாக்கியிருந்தது.

பெந்தம், ஹூக்கர் என்னும் தாவரவியலாளர்களின் பழைய வகைப்பாட்டு முறையைத் தழுவிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் இம்மூன்றும் யூஃபோர்பியேசி குடும்பத்தில்தான் இருக்கின்றன. டி.என்.ஏ. ஒப்பீடுகளின் அடிப்படையில் 2003-இல் வெளியான ஏ.பி.ஜி. (பூக்கும் தாவரங்களை வகைப்படுத்தும் பன்னாட்டு ஆய்வுக் குழு) வகைப்பாட்டின் இரண்டாம் பதிப்பு கீழாநெல்லியின் பேரினத்தை ஃபில்லாந்தேசி என்னும் தனிக் குடும்பத்தில் சேர்த்தது. 2016-இன் நான்காம் பதிப்பும் அதையே ஏற்கிறது. இவ்விரு குடும்பங்களையும் பிரித்தறிய, செடியைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்று பார்ப்பது போதாது. யூஃபோர்பியேசியைச் சேர்ந்த அம்மான் பச்சரிசியில் பால் வடியும், அதே குடும்பத்துக் குப்பைமேனியில் வடியாது. டி.என்.ஏ. காட்டிய பிரிவோடு ஒத்துப்போகும் சூல் எண்ணிக்கையை வீட்டு மேசையிலேயே சரிபார்க்க முடிவதுதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

வெட்டுவதுதான் கடினம். பெண் மலரின் சூற்பை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. விரல்களுக்கிடையே நசுங்கும், கேரட் துண்டில் வைத்தால் வழுக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்து, நெட்டி என்னும் நீர்ச்செடியின் மென்மையான தண்டைப் பிளந்து அதன் நடுவில் செருகி, நனைத்த புது பிளேடை அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தபோதுதான் சீவல் கிழியாமல் வந்தது. சூற்பையின் மேற்புறத்துச் சீவல்களில் தடுப்புச் சுவர்கள் மட்டுமே தெரியும். சூல்களைக் காட்டுவது நடுப்பகுதியில் எடுத்த மிக மெல்லிய சீவல்தான். அதையும் நீர்த்த சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயத்தில் சிறிது நேரமே வைக்க வேண்டும். கூடினால் எல்லாமே ஒரே சிவப்பாகிவிடும்.

ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கொடுத்த நெட்டி உளுத்துப் பொடிந்தது. தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் வாங்கிய கழிவுத் துண்டுகள் அதைவிட எவ்வளவோ மேல்.

நெல்லி மரத்தின் பெண் மலர் இன்னும் கிடைக்காததால் ஃபில்லாந்தேசியின் இரண்டாவது சான்று நிலுவையில் இருக்கிறது. அதற்குள் நொச்சிப் பூக்களை ஆல்கஹாலில் போட்டுவிட்டேன். இதே போல வெர்பினேசி குடும்பத்திலிருந்து துளசியின் குடும்பமான லேமியேசிக்கு மாற்றப்பட்ட செடி அது. துளசியின் சூல் தண்டு (மகரந்தம் ஏற்கும் முனையைத் தாங்கும் காம்பு) சூற்பையின் நான்கு மடல்களுக்கு நடுவே அடியிலிருந்து எழும்ப, நொச்சியில் அது உச்சியிலிருந்து கிளம்புவதை நெடுக்குவெட்டில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.