கொள்ளுப்பாட்டிக்குப் பேர் என்ன?

அப்பாவின் அஸ்தியைக் கரைக்க ஒகேனக்கல் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒகேனக்கல்தான். தம்பி ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். ஐயர் வரிசையாகப் பேர் கேட்டார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, மூன்றும் தடங்கல் இல்லாமல் வந்தன. அடுத்து அவர்களுடைய சம்சாரங்கள். பாட்டி பேர் சொன்னான். "அவங்க மாமியார் பேரு?" தம்பி சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா அத்தையைப் பார்த்தார். "கிழவின்னுதான் எல்லாரும் கூப்புடுவோம்" என்றார் அத்தை. ஐயருக்குப் பின்னால் இன்னும் நாலு குடும்பம் காத்திருந்தது. "பரவால்ல, காவேரின்னு சொல்லிக்குங்க" என்று முடித்துவிட்டார்.

அத்தை அவள் மடியில் வளர்ந்தவர். சித்தப்பா அவள் கையால் களி தின்றவர். இரண்டு பேருக்கும் பேர் தெரியவில்லை. எனக்கு ஒசூரில் கம்பெனி வேலை. வீடு திரும்பிய பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பேர்தானே, எங்காவது எழுதி வைத்திருப்பார்கள், ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் ஆனது.

பள்ளித் தோழி ஒருத்தி தர்மபுரியில் ஒரு வாத்தியாரிடம் அழைத்துப் போனாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் கூடுவார்கள். அந்தக் காலத்தில் ஊர் நிலக் கணக்கு எழுதிய கர்ணத்தின் மகன் ஒருவர், எழுபது தாண்டியவர். ஒரு பத்திர எழுத்தர். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர். ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் படம் பிடிப்பதுதான் அவர்களுக்கு முதல் பொழுதுபோக்கு. எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பாதிக் கற்களை இன்னும் வேடியப்பன் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கல்லைத் தேடிப் போன இடத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பழைய காகிதங்களைக் கொண்டுவந்து நீட்ட, இந்த வேலையும் சேர்ந்துகொண்டதாம். காசு வாங்குவதில்லை. டீ வாங்கித் தந்தால் குடிப்பார்கள்.

முதல் நாளே வாத்தியார் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ராஜ பரம்பரைன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டு வர்றவங்களை நான் வாசலோட அனுப்பிருவேன். நீ என்னம்மா கேக்கற?" ஒரு பேர் வேண்டும் என்றேன். ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். பொம்பளை என்றதும் கர்ணம் மகனைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

அவர்கள் முதலில் கேட்டது மொய் நோட்டு. எனக்கு ஆச்சரியம். பட்டா, பத்திரம் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். மொய் நோட்டில்தான் உறவுக்காரர்கள் ஊர்ப் பெயரோடு இருப்பார்கள் என்றார் பத்திர எழுத்தர். பரணில் கிடந்த பெட்டியில் அப்பா கல்யாணத்து நோட்டு இருந்தது, 1974. பழுப்பேறி, பாதி எலி தின்றது. அதில் எங்களுக்குத் தெரியாத ஓர் ஊர்: மாரிக்குப்பம். ஐந்து ரூபாயும் ஒரு எவர்சில்வர் குடமும் எழுதியிருந்தார்கள். மாரிக்குப்பம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. அப்போதுதான் அத்தைக்கு ஞாபகம் வந்தது, "கிழவியோட புருசன் தங்கவயல்ல செத்தாருன்னு சொல்லுவாங்க." 1880-களில் வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து வடாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். எங்கள் ஆளும் அதில் ஒருத்தர்.

இந்த ஜில்லா விஷயம் எனக்கு முதலில் புரியவில்லை. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். அதற்கு முந்தைய காகிதம் எல்லாமே சேலம் ஜில்லா என்றுதான் தொடங்கும். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். எந்த வருஷத்துக் காகிதத்தைத் தேடுகிறோமோ அந்த வருஷத்து எல்லையில் நின்று தேட வேண்டும். வருஷத்துக்கும் ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார் கர்ணம் மகன். தீர்வை ரசீதில் வருஷத்தைப் பசலி என்ற வரிக் கணக்கு ஆண்டில் போட்டிருப்பார்கள். பசலி 1338 என்று இருந்தால் 590-ஐக் கூட்டு, 1928. அந்த ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை. வருஷமே தெரியாதவர்களிடம் ஊர் சங்கதியைக் கேட்பார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஒசூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். "ரயிலைப் பேத்தப்ப தாத்தாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று அத்தையிடம் கேட்கச் சொன்னார்கள். ஆகவில்லை, மாடு மேய்த்துக்கொண்டிருந்தாராம். ரேஷன் கார்டில் தாத்தாவுக்குப் போட்டிருந்த வயதை நம்பியிருந்தால் அப்போது அவருக்கு இருபதுக்கு மேல். ஆக, ரேஷன் கார்டு வயது பொய்.

சுலபமான வழி இறப்புப் பதிவேடு. கிழவி இறந்தது அப்பா கல்யாணத்துக்கு முந்தின வருஷம். 1980-ல் மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்து வி.ஏ.ஓ. கொண்டுவரும்வரை ஊர்ப் பிறப்பு இறப்பெல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது. மனு எழுதி ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை ஒசூரிலிருந்து லீவு போட்டு நடந்தேன். முதல் முறை ஆள் இல்லை. இரண்டாம் முறை, நீங்கள் வர வேண்டிய இடம் இது இல்லை என்றார்கள். மூன்றாம் முறை இதுதான் இடம், ஆனால் அந்த வருஷத்து ரிஜிஸ்டர் இல்லை. கர்ணம் மகன் ஆறுதலாகச் சொன்னார்: "இருந்தாலும் சந்தேகந்தாம்மா. அன்னிக்குப் பொறந்த கொழந்தைக்கே ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணுன்னு எழுதி அப்பன் பேரை மட்டும் போட்டு மூடிருவாங்க."

அடுத்தது நான் செய்த தப்பு. வாத்தியார் ஊரில் இல்லாத ஒரு மாதத்தில், கொள்ளுத்தாத்தா பேரை வைத்து நானே தேடினேன். கிடைத்துவிட்டார். அதே பேர், அவர் அப்பாவுக்கும் அதே பேர், பக்கத்துக் கொட்டாய், அதாவது பக்கத்துச் சிற்றூர். சுளையாக முப்பது ஏக்கர். எங்கள் வீட்டில் வழிவழியாக ஒரு கதை உண்டு, "நமக்கு முப்பது ஏக்கரா இருந்துச்சு, சூதாடி அழிச்சாங்க" என்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன், சார்ட் பேப்பரில் மரம் வரைந்து கிளை பிரித்தேன். இரண்டு மாதம் அந்த மனுஷரோடுதான் வாழ்ந்தேன். வாத்தியார் திரும்பி வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "1938-ல இந்த ஆளு கையெழுத்துப் போட்டிருக்காரு. உங்க தாத்தாவுக்கு அவங்க அப்பா முகமே ஞாபகம் இல்லேன்னியே?" சார்ட்டைச் சுருட்டி வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால் இரண்டே பேர் மாறி மாறி நூறு வருஷம் ஓடும்.

"பேரைத் தொரத்தாத கண்ணு, மண்ணைத் தொரத்து. மண்ணு எடம் மாறாது" என்றார் கர்ணம் மகன். இண்டூர் பக்கம் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அறுபது சென்ட் புஞ்சை. அதன் சர்வே நம்பரை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தோம். இன்றைய பட்டா, அதற்கு முன் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு, அதற்கும் முன் ஆர்.எஸ்.ஆர். என்ற பழைய பதிவேடு. உட்பிரிவு பிரிந்த நம்பர்களை ஒட்டிப் பார்த்தால், எங்கள் அறுபது சென்ட் ஒரு பெரிய துண்டிலிருந்து கிழிந்தது தெரிந்தது. மீதித் துண்டு யாருக்கோ விற்கப்பட்டிருக்க வேண்டும். விற்றிருந்தால் பத்திரம் இருக்கும்.

ஆன்லைன் வில்லங்கத்தில் அப்போது 1975-க்கு முந்தையது கிடைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. இங்கே பத்திர எழுத்தர் ஒரு விஷயம் சொன்னார், தெரிந்திருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 57-ம் பிரிவுப்படி, சொத்துப் பத்திரங்களின் நகல் இருக்கும் புத்தகம் 1-ஐக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கக் கேட்கலாம், நகலும் வாங்கலாம். சொத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. உயில் அப்படி இல்லை. புத்தகம் 1-க்கு அட்டவணை இரண்டு வகை. முதலாவது ஆட்கள் பேரில், இரண்டாவது சொத்து இருக்கும் ஊர் வாரியாக. நான் தனியாகத் தேடியபோது முதலாவதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இந்த முறை இரண்டாவது. ஊரைப் பிடித்து, 1925-லிருந்து 1935 வரை.

1931-ல் கிடைத்தது. நகல் கைக்கு வர இன்னும் மூன்று வாரம்.

கையில் வந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. தமிழ்தான், ஒரு எழுத்து புரியவில்லை. புள்ளியே கிடையாது. க-வா க்-கா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லை. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, துதிக்கை வைத்த லை, னை வேறு. நடுநடுவே ௵, ௴, ௸, ௹ என்று சுழிகள். வருஷம், மாதம், மேற்படி, ரூபாய். திண்ணையில் பாய் விரித்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். கர்ணம் மகன் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்க, வாத்தியார் பிரித்துச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். ௸ வருகிற இடமெல்லாம் யார் அந்த மேற்படி என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

"சேலம் ஜில்லா தர்மபுரி தாலுகா" என்று ஆரம்பித்து, வாங்குகிறவர் பேர், தகப்பன் பேர். அப்புறம் விற்கிறவர். "காலஞ்சென்ற" என்று வாசித்து, கொள்ளுத்தாத்தா பேரை வாசித்து, "பெண்சாதி" என்று வாசித்து, கர்ணம் மகன் கண்ணாடியைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். பிறகு ஒரு பேரைச் சொன்னார். தொடர்ந்து, "தனக்காகவும் தன் மைனர் குமாரன் சுமார் 4 வயதுள்ள" என்று தாத்தா பேர், "க்குத் தாயும் கார்டியனுமாக எழுதிக் கொடுத்த சுத்தக்கிரய சாசனம்."

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தப் பேர் எங்கள் வீட்டில் இருக்கிறது. அத்தையின் ஆதார் அட்டையில். அத்தையை ஊரே பாப்பா என்றுதான் கூப்பிடும், எழுபத்தைந்து வயதிலும் பாப்பா. ஆதாரில் இருக்கிற அந்தப் பழம் பேர் தனக்கு ஏன் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது, வாழ்நாள் முழுக்க அதைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது புரிகிறது. மாமியார் பேரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள், மருமகள் அதை வாயால் சொல்லக் கூடாது. அதனால் பாட்டி மகளைப் பாப்பா என்றாள், மாமியாரைக் கிழவி என்றாள். பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். போனில் சொன்னபோது அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "கிழவி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

பத்திரத்தில் முப்பது ஏக்கர் இல்லை. 2 ஏக்கர் 14 சென்ட். தொண்ணூறு ரூபாய். சூதாட்டமும் இல்லை. "என் புருஷன் தங்கவயலுக்குப் போகும் பொருட்டு வாங்கிய ப்ரோநோட்டுக் கடனுக்காகவும் குடும்ப ஜீவனத்துக்காகவும்" என்று இருந்தது. அறுபது சென்ட்டை மட்டும் மகனுக்கு என்று நிறுத்திவைத்திருக்கிறாள். சித்தப்பாவுக்கு இந்தப் பகுதி பிடிக்கவில்லை. முப்பது ஏக்கர் இன்னும் எங்கோ இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நகலில் கடைசியில் "கைநாட்டு" என்று எழுத்தில் மட்டும் இருந்தது. அசல் வாங்கினவர் வீட்டில் இருக்கலாம் என்றார் பத்திர எழுத்தர். செக்குபந்தியில் இருந்த நாலு எல்லைக்காரர்களின் பேரை வைத்து ஊரில் விசாரித்ததில் வாங்கினவரின் பேரன் அகப்பட்டார். அந்த நிலத்தில் இப்போது ராகி போட்டிருக்கிறார். வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நிலத்தைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். யார் வந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், நானாக இருந்தாலும். வாத்தியார் வேடியப்பன் கோயில், திருவிழா, பங்காளி என்று எதையெதையோ பேசி அவரை உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். அதற்கப்புறம்தான் டிரங்குப் பெட்டி வெளியே வந்தது.

உரக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த முத்திரைத்தாள். மடிப்பெல்லாம் விட்டுப் போயிருந்தது. கீழே, "இடது கைப் பெருவிரல்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் நீலக்கறுப்பில் ஒரு தீற்றல். ரேகையே விழவில்லை. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, குறுக்கே, பழைய வெட்டுக் காயம் போல.

"களை வெட்டற கையில ரேகை எங்க இருக்கும்" என்றார் வீட்டுக்காரர் மனைவி.

போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் யோசித்தார். பத்திரத்தைத் திண்ணையில் விரித்து, சர்வே நம்பரும் எல்லையும் இருந்த பாதியை இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு, "இப்ப எடுத்துக்கம்மா" என்றார். எடுத்த படத்தில் ஒரு பாதி அந்தப் பெருவிரல், மறு பாதி அவருடைய பத்து விரலும்.