காமன் பூலில் நான்கு பேர்

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு டி.சி. போட்டதும், பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களை வைத்திருக்கும் அரசின் எமிஸ் தளத்தில் அதன் பெயர் நம் பள்ளிப் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் ஓர் இடத்தில் கிடக்கும். அந்த இடத்துக்குக் காமன் பூல் என்று பெயர். முக்கால்வாசிப் பெயர்கள் ஒரு வாரம், பத்து நாளில் அங்கிருந்து கிளம்பிவிடும். சில பெயர்கள் கிளம்பாது. அப்போது கல்வி அலுவலகத்திலிருந்து போன் வரும்: “மேடம், உங்க ஸ்கூல் பிள்ளைங்க நாலு பேர் இன்னும் பூல்ல இருக்காங்க. என்னன்னு பாருங்க.”

டி.சி.தான் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் எப்படி என் ஸ்கூல் பிள்ளைகள்? போனை வைத்துவிட்டு மனதுக்குள் இப்படிக் கேட்டுக்கொள்வேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பல வருஷம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் கடைசி ஒன்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து, 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். கடல்காற்று திரும்பினால் வகுப்பறைக்குள் கருவாட்டு வாசனை வரும். புதிதாக வரும் ஆசிரியர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், மூன்றாம் மாதம் அது இல்லாவிட்டால்தான் ஏதோ குறைவதுபோல் இருக்கும்.

பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். எங்கள் பள்ளியிலும் குழு இருந்தது. மினிட்ஸ் நோட்டில் இருந்தது. தீர்மானங்களை நானே எழுதுவேன். ஆயாம்மா அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். ஒருமுறை பழைய பக்கத்தைப் பார்த்து அவசரமாக எழுதியதில், சுதந்திர தின விழாவைச் சிறப்பாக நடத்துவது என்று அக்டோபர் மாதத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டோம். பதினைந்து பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை, மேலே பார்த்தவர்களும் கேட்கவில்லை.

2022 ஏப்ரலில் குழுவை மறுபடி அமைத்தார்கள். மொத்தம் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவர் அம்மாக்களில் ஒருவராக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் வந்தவர் துறைமுகத்தில் ஏலம் எடுத்துத் தெருவில் மீன் விற்கிறவர். எட்டாவது வரை படித்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “கையெழுத்து போடறேன் டீச்சர். ஆனா படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்.” எனக்கு அடிவயிற்றில் லேசாகக் கலங்கியது.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணிக்குக் கூட்டம். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அக்கறையில்லாத பெற்றோர் என்று ஆசிரியர் அறையில் வழக்கமாகப் பேசுவோமே, அதை அன்றும் பேசினோம். தலைவரம்மா காதில் விழுந்துவிட்டது.

“நாள் சரிதான் டீச்சர். வெள்ளிக்கிழம ஏவாரம் கம்மி. மூணு மணின்னா எப்புடி? ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போறவ, வித்து முடிச்சு சோறாக்கி, மூணு மணிக்குத்தான் தலைய சாய்ப்பா. அந்த நேரத்துல கூப்ட்டு வெச்சு தூங்குறான்னா?”

அவர் சொன்ன ரெண்டு மணி விடியற்காலை ரெண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியை வேலை, அதில் பாதிக்கு மேல் வடசென்னையில். இந்தக் கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. கூட்டத்தை ஐந்தரை மணிக்கு மாற்றினோம். கூட்ட விவரம் ஏன் நேரத்தில் தளத்தில் ஏறவில்லை என்று அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், சொல்லிச் சமாளித்தேன். அடுத்த கூட்டத்துக்குப் பதின்மூன்று பேர். தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவர்கள் கேட்டது வேறு. “அஞ்சாவது முடிச்சா எங்க அனுப்புறது?”

இதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. பக்கத்திலேயே உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, அறுநூறு மீட்டர். ஆனால் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரோடு எனக்குப் பேச்சு இல்லை.

பக்கத்துப் பள்ளிகள் ஒன்றோடொன்று ஏன் ஒட்டுவதில்லை என்பதை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி பட்டியலில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கணக்கிடுவார்கள். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி, பணிநிரவலில் வேறு எங்காவது போக வேண்டியதுதான். அரை கிலோமீட்டருக்குள் நான்கு பள்ளிகள் இருந்தால் என்ன ஆகும்? ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் எல்லோரும் நோட்டீஸும் கையுமாகத் தெருவில் இருப்போம். ஒரு கோடையில் ஒரே வீட்டு வாசலில் எங்கள் அணியும் பக்கத்து உதவிபெறும் பள்ளி அணியும் மோதிக்கொண்டோம். வீட்டுப் பாட்டி இரண்டு அணிக்கும் கலர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பேத்தியை இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் சேர்த்தாகிவிட்டது என்றார். கலரைக் குடித்துவிட்டு வந்தோம்.

உயர்நிலைப் பள்ளியோடு இந்தச் சண்டை இல்லை. எங்கள் பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள். அங்கே இருந்தது வேறு சண்டை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் நாற்பது பேர் முன்னால் அவர் எழுந்து, “ஆறாவதுக்கு வர்ற பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியல, கீழ என்னதான் நடக்குது?” என்று கேட்டார். அந்தப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள். 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள். நான்காம் வகுப்பைக் கண்ணால் பார்க்காதவர்கள். இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நானோ, “மேல என்ன நடக்குதுன்னு பத்தாவது ரிசல்ட்ல பாத்தோமே சார்” என்றேன். எட்டு மாதம் பேச்சில்லை.

பள்ளிகளைக் கொத்தாகச் சேர்த்து, நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளியை வைத்து, ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும் என்று 1964–66 கோத்தாரி ஆணையமே சொல்லிவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையே பள்ளி வளாகம் என்று சொல்கிறது. பயிற்சிகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வது பற்றி அதில் நிறைய வரும். கோபித்துக்கொண்ட இரண்டு தலைமை ஆசிரியர்களை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் வராது.

சரி, அந்த நான்கு பேருக்கு வருகிறேன்.

2023-ல் வெயில் கொளுத்தியதால் பள்ளி திறப்பு தள்ளிப்போய், ஆறாம் வகுப்பு முதல் ஜூன் 12-ஆம் தேதியும் தொடக்க வகுப்புகள் 14-ஆம் தேதியும் தொடங்கின. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதுவும் ஜூன் 14-ஆம் தேதியோடுதான் முடிகிறது. ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடக்க வேண்டிய அதே வாரத்தில் ஊரே படகுக்கு ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, வலை பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் வாங்கிய கடன் வேறு. டி.சி. வாங்கிப் பெட்டியில் வைத்தவர்கள் வைத்தபடியே இருந்தார்கள்.

ஜூலை முதல் வாரம் போன் வந்தது. இந்தமுறை பெயர்களை எழுதி ஐந்தரை மணிக் கூட்டத்தில் படித்தேன். நான் மூன்று வாரமாகத் தேடியிருக்க வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு பெண்ணின் குடும்பம் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போய்விட்டது, அங்கே பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாள், டி.சி. தொலைந்ததால் பெயர் ஏறவில்லை. டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போட்டதும் மறுநாளே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன் தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டான், அங்கே பதிவேற்ற மறந்துவிட்டார்கள். அதுவும் முடிந்தது.

மூன்றாவது பெண்ணின் வீட்டுக்குத் தலைவரம்மாவோடு போனேன். ஆறு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் நேராக நின்றாள், குழந்தை சரிந்தது. ‘குடும்ப வறுமை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல்’ என்று என் மனது படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டது. அவள் அம்மா அதைச் சொல்லவே இல்லை. “தம்பிய எங்க அத்தை பாத்துக்கும் டீச்சர். அந்த ரோட்ட யாரு தாண்டிவுடுவா?”

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை அது. எங்கள் பள்ளி இந்தப் பக்கம், உயர்நிலைப் பள்ளி அந்தப் பக்கம். லாரிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி, அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் பைக்குகள் பறக்கும். நான் நூறு தடவை தாண்டியிருக்கிறேன். அன்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் பார்த்தேன். அவள் தலை லாரி டிரைவரின் ஜன்னல் உயரம்கூட இல்லை.

தலைவரம்மாதான் சொன்னார், “ஏழாவது படிக்குற நம்ம புள்ளைங்க இருக்குதுல்ல, அதுங்களோட சேத்து அனுப்பு. கூட ரெண்டு அம்மா நிக்கட்டும்.” அதற்கு உயர்நிலைப் பள்ளி ஒத்துக்கொள்ள வேண்டும். போனேன். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார், டீ வரவழைத்தார். குறுவள மையப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்: “காலைல எட்டே காலுக்கு உங்க கேட் திறந்திருக்குமா மேடம்?”

திறந்திருக்கும். முந்தைய செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் வந்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று, எட்டு மணிக்கே கேட் திறந்தாக வேண்டும். இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போகிற அம்மாக்களுக்கு அந்தத் திட்டம் என்ன செய்தது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தம்பி தங்கையைச் சாப்பிடக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் கேட்டில் கூடி, மொத்தமாகச் சாலையைத் தாண்டிப் போவது என்று முடிவானது. திட்டம் அப்போது ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். கேட்டில் நின்று பொங்கல் வாசனையைப் பிடிக்கும் ஆறாவது பிள்ளைகளுக்கு நாங்கள் ஏதாவது கொடுத்தோமா என்பதை ஓய்வு பெற்ற பிறகும் எழுதப்போவதில்லை.

லாரிக்காரர்கள் ஆசிரியை கை காட்டினால் நிற்பதில்லை. காலி மீன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கும் அம்மா கை காட்டினால் நின்றார்கள். வாரத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மழை நாட்களில் முறை சொதப்பும், இரண்டு வாரம் சண்டையில் நின்றேபோனது, அப்புறம் மறுபடி தொடங்கியது.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரு மதியம் உயர்நிலைப் பள்ளிக்குப் போய், ஆறாம் வகுப்பு டீச்சரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தார். மார்க் எதுவும் இல்லை. இவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது, முன்னால் உட்கார வையுங்கள். இவள் அப்பா குடித்துவிட்டு வரும் நாளில் பேசமாட்டாள், விட்டுவிடுங்கள், மறுநாள் பேசுவாள். இவனுக்கு வகுத்தல் வராது, ஆனால் மீன் விலையில் கேட்டால் வரும். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. பாதி நாள் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டுத்தான் போனார்.

நான்காவது பெயர் ஒரு பையன். வேறு மாவட்டத்திலிருந்து விசைப்படகு வேலைக்கு வந்த குடும்பம், தடைக்காலத்தில் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அம்மாக்கள் விசாரித்தார்கள், படகு ஓனரைக் கேட்டார்கள். எந்த ஊர் என்பதிலேயே ஆளுக்கொரு பதில்.

2024 மே 31 அன்று பொறுப்பை ஒப்படைத்தேன். சாவிக்கொத்து, சேர்க்கைப் பதிவேடு, மினிட்ஸ் நோட்டு, இருப்புப் பதிவேடு, பீரோவில் இருந்த ஹார்மோனியம் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினேன். கடைசியில் அந்தப் பையனின் பெயரும் எமிஸ் எண்ணும் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். புதிதாக வந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, “அவங்க அப்பா போன் நம்பர் இருக்கா மேடம்?” என்றார். பின்னால் மூன்று நம்பர் எழுதியிருக்கிறேன் என்றேன். மூன்றும் ஸ்விட்ச் ஆஃப் என்பதையும் சொன்னேன். அவர் சீட்டைத் திருப்பி, முதல் நம்பரை அடித்துப் பார்த்தார்.