குதிரை வண்டி இல்லாத மென்னோனைட்டுகள்

மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெயரைக் கேட்டதும் பலருக்குக் குதிரை வண்டியும் முக்காடும்தான் ஞாபகம் வரும். அப்படி வாழ்கிறவர்கள் பெரும்பாலும் ஆமிஷ் என்ற இன்னொரு பிரிவுக்காரர்கள். பங்காளிகள்தான், 1693-லேயே பாகம் பிரித்துக்கொண்டு போனவர்கள்.

பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் சபையைப் பாருங்கள். 1683-ல் வந்து குடியேறியவர்களின் வழிவந்தது. வட அமெரிக்காவிலேயே பழைய மென்னோனைட் சபை. தன்பாலீர்ப்பாளர்களை உறுப்பினர்களாகச் சேர்த்ததற்காக 1997-ல் அதன் வட்டார அமைப்பு அதை வெளியேற்றியது. சபை அசையவில்லை. அப்புறம் 2022-ல், மென்னோனைட் சர்ச் யுஎஸ்ஏ என்ற தேசிய அமைப்பு, தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினருக்குச் செய்த தீங்கை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது. 25 வருஷம்!

எனக்குப் பிடித்தது வேறு. இவர்கள் பழைய நம்பிக்கையை உதறிவிட்டு முற்போக்கானவர்கள் இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, விவரம் தெரிந்தபின் தானாகக் கேட்டு வாங்க வேண்டும்; ஆயுதம் எடுக்கக் கூடாது. எல்லாம் 16-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1569-ல் நெதர்லாந்தில், இந்த நம்பிக்கைக்காகச் சிறைப்பட்ட டிர்க் வில்லெம்ஸ் தப்பி ஓடும்போது, துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தான். திரும்பிப் போய்த் தூக்கிவிட்டார். அவரையே பிடித்து எரித்தார்கள். இன்றும் இவர்கள் சொல்லிக்கொள்ளும் கதை அது.

ராணுவத்துக்குப் போகும் வரிப் பங்கைக் கட்ட மறுப்பவர்கள்கூட இவர்களில் உண்டு. வரித்துறை சும்மா விடுமா என்ன?